பாட்டிலில் 10 பிபிஎம், ரத்தத்தில் எவ்வளவு?

மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன் என்று தெரிந்தாலே சிலர், மருந்தென்று நம்பிக் குடிக்கும் கூழ்ம வெள்ளி (மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள் மிதக்கும் நீர்) பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “எத்தனை பிபிஎம் இருந்தால் கிருமி சாகும்?” பிபிஎம் என்பது ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் வெள்ளி என்ற கணக்கு. லேபிளில் 10, 30, சிலவற்றில் 500 பிபிஎம் என்றுகூடப் போட்டிருக்கும். கூடவே, 99.99% கிருமிகளைக் கொல்லும் என்று ஒரு வரி.

அந்த வரி முழுப் பொய் என்று நான் சொல்வதில்லை. வெள்ளி அயனி (மின்னூட்டம் பெற்ற வெள்ளி அணு) கிருமிகளைக் கொல்லத்தான் செய்யும். பாக்டீரியாவின் நொதிகளில் உள்ள கந்தகப் பகுதிகளைப் பிடித்துக்கொண்டு, செல் சவ்வையும் கெடுத்துவிடும். கூழ்மத்தில் மிதக்கும் நானோ துகள்களும் பெரும்பாலும் இந்த அயனியை வெளிவிட்டுத்தான் வேலை செய்கின்றன. தீக்காயத்துக்குப் பூசும் 1% சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு 1960களின் பிற்பகுதியில் வந்தது. இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. ஆனால் அது தோலின்மேல் பூசுவது. குடிப்பது வேறு.

அந்த 99.99% எங்கே அளந்தது என்று பாருங்கள். காய்ச்சி வடித்த நீரில் கிருமியைக் கலந்து, வெள்ளியைச் சேர்த்து, கொஞ்ச நேரம் விட்டு, கிருமி வளர்க்கும் அகார் தட்டில் பரப்பி இன்குபேட்டரில் வைக்கிறோம். மறுநாள் காலை தட்டு சுத்தமாக இருக்கும். அதே கிருமி, அதே வெள்ளி, அதே பிபிஎம். நீருக்குப் பதிலாகச் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) கலந்த ஊடகம் என்று மாற்றினால் கதையே வேறு. வெள்ளியின் வேகம் சட்டென்று குறைந்துவிடும், தட்டில் கிருமிக் கூட்டங்கள் தலைகாட்டத் தொடங்கும்.

காரணம் எளிது. வெள்ளி அயனியும் குளோரைடும் சேர்ந்தால் கரையாத வெள்ளி குளோரைடு உருவாகும். பள்ளி ஆய்வகத்தில் சில்வர் நைட்ரேட்டில் உப்பு நீரை விட்டதும் தயிர் திரிந்தாற்போல வெள்ளையாகப் படியுமே, அதேதான். ரத்தப் பிளாஸ்மாவில் லிட்டருக்குச் சுமார் மூன்றரை கிராம் குளோரைடு இருக்கிறது. இரைப்பையிலோ ஹைட்ரோகுளோரிக் அமிலமே இருக்கிறது. இவற்றுக்குத் தப்பும் வெள்ளியை ஆல்புமின் போன்ற புரதங்கள் பிடித்துக்கொள்ளும். கிருமியைத் தேடிப் போக மிச்சம் இருப்பது மிகக் கொஞ்சம்.

சரி, எதுவும் வீணாகவில்லை என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். 10 பிபிஎம் என்றால் ஒரு லிட்டரில் 10 மில்லிகிராம். ஒரு டீஸ்பூனில், அதாவது 5 மில்லியில், 50 மைக்ரோகிராம். அத்தனையும் ரத்தத்தில் சேர்ந்தாலும் சுமார் 5 லிட்டர் ரத்தத்தில் அது 0.01 பிபிஎம். ஆயிரத்தில் ஒரு பங்கு! நடப்பில் குடித்ததில் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். ரத்தத்தில் வெறும் 5 பிபிஎம் வர வேண்டும் என்றாலே 25 மில்லிகிராம் வெள்ளி தேவை. 10 பிபிஎம் கரைசல் என்றால் ஒரே மூச்சில் இரண்டரை லிட்டர்.

“அப்போ 500 பிபிஎம் வாங்கிக் குடித்தால்?” என்று கேட்பவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. ஆயுள் முழுக்க நாள்தோறும் உடலுக்குள் போகலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம். 60 கிலோ உள்ளவருக்கு 300. 500 பிபிஎம் பாட்டிலில் ஒரே டீஸ்பூனில் 2,500 மைக்ரோகிராம், எட்டு மடங்குக்கும் மேல். இதைத் தொடர்ந்து குடித்தால் வெள்ளி தோலில் போய்த் தங்கும். வெயில் பட்டுக் கறுக்கும். பழைய போட்டோ ஃபிலிமில் நடந்த அதே வேதிவினை. முகமும் கைகளும் நீலம் கலந்த சாம்பல் நிறமாகும் இந்த நிலைக்கு ஆர்ஜிரியா என்று பெயர். குடிப்பதை நிறுத்தினாலும் நிறம் தானாகப் போகாது. லேசர் சிகிச்சையில் சிலருக்கு ஓரளவு குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டிலேயே வெள்ளிக் கம்பியும் பேட்டரியும் வைத்துத் தயாரிப்பவர்கள் டிடிஎஸ் மீட்டரைக் காட்டி ‘15 பிபிஎம்’ என்பார்கள். அந்தக் கருவி அளப்பது நீரின் மின்கடத்தலை. உலோகத் துகள்கள் அதன் கணக்கில் வரவே வராது. சீக்கிரம் ஆகட்டும் என்று உப்பு போட்டிருந்தால் அந்த எண்ணில் பாதி உப்பாகவே இருக்கலாம்.

வெள்ளி கலந்த, மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கும் மருந்துகள் பாதுகாப்பானவை என்றோ பலனுள்ளவை என்றோ ஏற்க முடியாது என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1999-லேயே அறிவித்துவிட்டது. 2020-இல் கோவிட் பயத்தைப் பயன்படுத்தி இதை விற்றவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதங்களும் அனுப்பியது.

எனக்கு இன்னும் பெரிய பயம், காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கும்போது இதை நம்பிச் சரியான மருந்தைத் தள்ளிப்போடுவது. மருந்தோடு சேர்த்துக் குடித்தாலும் சிக்கல்தான். தைராய்டுக்கான லெவோதைராக்ஸின், டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகள் உடலில் சேர்வதை வெள்ளி குறைத்துவிடக்கூடும்.

ஏற்கெனவே குடித்து வருபவர்கள் நிறுத்திவிடுங்கள். அப்புறம், நல்ல வெளிச்சத்தில் ஈறுகளையும் நகம் தொடங்கும் இடத்தில் உள்ள பிறைப் பகுதியையும் பாருங்கள். அங்கே சாம்பலோ நீலமோ தெரிந்தால் தோல் மருத்துவரிடம் பாட்டிலோடு போய், எவ்வளவு நாளாக, எவ்வளவு குடித்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.