ஸ்கில் சர்டிபிகேட் லைசென்ஸ் ஆகாது

புதுக்கோட்டைப் பக்கம் தைலமரம் வெட்டிய தோட்டங்களில் ஜே.சி.பி. வைத்துக் கட்டை பிடுங்குபவர்கள் பலரும் ஹெல்பராகச் சேர்ந்து, ஆபரேட்டர் சாப்பிடப் போன நேரத்தில் லீவர் பிடித்துக் கற்றவர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஒன்பது வருடம் ஓட்டினார். ஒருநாள் ரோட்டில் பைக் மீது ஜே.சி.பி.யின் பக்கெட் இடித்துவிட்டது. ஆறாயிரம் கொடுத்து வாங்கி, லேமினேட் செய்து வைத்திருந்த ஸ்கில் சர்டிபிகேட்டை ஸ்டேஷனில் நீட்டினார். அது லைசென்ஸ் இல்லை என்று அங்கேதான் அவருக்குத் தெரிந்தது.

லைசென்ஸ் ஆர்.டி.ஓ. மட்டும்தான் தர முடியும். கார் லைசென்ஸ் இருந்தாலும் போதாது. லோடர், எக்ஸ்கவேட்டர் என்ற வண்டி வகை அதில் ஏறியிருக்க வேண்டும். எல்.எல்.ஆருக்கு 150, அதன் தேர்வுக்கு 50, ஓட்டும் தேர்வுக்கு 300, இருக்கும் லைசென்ஸில் வண்டி வகை சேர்க்க 500 ரூபாய்: மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ள கட்டணங்கள் இவை. ஏஜென்ட் சொல்லும் தொகையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்.எல்.ஆர். ஆறு மாதம்தான் செல்லும், முதல் 30 நாளுக்குள் ஓட்டும் தேர்வு கிடையாது. தேர்வுக்கு வண்டி நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். சீசனில் ஓனர் வண்டி தரமாட்டார், ஆறு மாதம் ஓடிவிடும், மறுபடி முதலிலிருந்து. அதனால் வண்டிக்கு நாள் பேசிவிட்டு அப்புறம் எல்.எல்.ஆர். போடுங்கள்.

"ஹெவி லைசென்ஸ் எடுத்துட்டு வாப்பா" என்று கவுண்ட்டரில் திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. டயர் வைத்த பேக்ஹோ, அதாவது ஜே.சி.பி. மாதிரி வண்டி, லாரி, பஸ் போல இல்லாமல் போக்குவரத்து அல்லாத வாகனம் என்று அதே மோட்டார் வாகன விதிகளில் 2(சிஏ) தெளிவாகவே சொல்கிறது. அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். வாயால் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

ஸ்கில் சர்டிபிகேட் வேறு. ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஆர்.பி.எல். முறை, பிரதமர் கௌஷல் விகாஸ் என்ற திறன் பயிற்சித் திட்டத்தில் இலவசம். பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஆதாரில் உள்ள பெயரையே எழுத்து பிசகாமல் கொடுங்கள். இனிஷியல் மாறினால் அலைச்சல்தான்.

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. ஓட்டக் கொடுத்த ஓனருக்கும் அதே கதிதான். விபத்து என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு ஓனரிடம் வசூலிக்கலாம். ஓனர் யாரிடம் வருவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

லைசென்ஸ் கைக்கு வந்ததும், "என்கிட்டயே இருக்கட்டும்" என்று கான்ட்ராக்டர் ஒரிஜினலை வாங்கி வைப்பார். கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் போதும்.