நினைவேந்தல்: கூப்பிய கையும் ஏந்திய கையும்

மே மாதம் வந்தால் தமிழ் ஏடுகளில் ஒரே நிகழ்வுக்கு நான்கைந்து பெயர்கள் வந்துவிடும். நினைவஞ்சலி, நினைவுதின அனுஷ்டிப்பு, நினைவுகூரல், துக்க நாள், நினைவேந்தல். ஒரே பக்கத்தில் இவற்றில் மூன்றைக்கூடப் பார்க்கலாம். எல்லாம் ஒன்றுதானே என்று கடந்து போய்விடுகிறோம். 2009 மே 18இல் இலங்கையின் முள்ளிவாய்க்காலில் முடிந்த ஈழப் போரை, அன்றைக்குப் பிறந்தே இராத பிள்ளைகள் கூடி நின்று நினைக்கும்போது எந்தச் சொல் பொருந்தும் என்று கேட்டுப் பாருங்கள். இவை ஒன்றல்ல என்பது அப்போது தெரியும்.

அஞ்சலியிலிருந்து தொடங்கலாம். இது வடசொல். இரு உள்ளங்கைகளையும் சேர்ப்பது இதன் முதற்பொருள். நீரோ பூவோ அள்ளும் அளவுக்குக் குழித்துச் சேர்த்த கைகளையும் குறிக்கும். தமிழுக்கு நேற்று வந்த சொல்லும் இல்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையில், ஆடலில் இரு கைகளாலும் காட்டும் இணைக்கைகளின் பெயர்கள் வருகின்றன. அவற்றில் முதலில் நிற்பது அஞ்சலி, அடுத்தது புட்பாஞ்சலி. கைகூப்பு, கும்பிடு, தொழு ஆகியவை இதற்கு நேரான தமிழ்ச் சொற்கள். தெய்வத்துக்கும் பெரியவர்க்கும் உரியதாக இருந்த அஞ்சலி, சுவரொட்டிகளில் 'கண்ணீர் அஞ்சலி' என்று வந்து வந்து, இன்று சொன்னவுடனே சாவை நினைவூட்டும் சொல்லாகச் சுருங்கிவிட்டது.

ஈழத்தவர் 'மௌன அஞ்சலி'க்கு 'அகவணக்கம்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். வாய் மூடியிருப்பதை மட்டும் சொல்கிறது மௌனம். உள்ளே நடப்பதைச் சொல்கிறது அகவணக்கம். தமிழகத்திலும் இதை எடுத்தாள வேண்டும் என்பது என் ஆசை.

அனுஷ்டிப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விரதம், நோன்பு முதலியவற்றை விதிப்படி செய்வது அது. கடைப்பிடித்தல் என்று எழுதினால் போதும். 'நினைவு நாள் கொண்டாடப்பட்டது' என்று எழுதுவது மட்டும் மன்னிக்க முடியாத பிழை. கொண்டாட்டத்தில் மகிழ்ச்சி இருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவர் அந்த வரியைப் படிப்பார் என்ற எண்ணம் எழுதுபவருக்கு இருக்க வேண்டும்.

பழந்தமிழில் சாவுக்கு அழும் பாட்டின் துறைக்குப் பெயர் கையறுநிலை. 'கழிந்தோர் தேஎத்து அழிபடர் உறீஇ ஒழிந்தோர் புலம்பிய கையறு நிலை' என்கிறது தொல்காப்பியம். கழிந்தோர் இறந்தவர், ஒழிந்தோர் இறவாமல் எஞ்சியவர். கையறுதல் என்றால் செயலற்றுப் போதல், இனி என்ன செய்வது என்று தெரியாத நிலை. புறநானூற்றின் 112ஆம் பாட்டில் பாரியின் மகளிர் அப்படித்தான் நிற்கிறார்கள். சென்ற மாதத்து வெண்ணிலவில் தந்தை இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாதத்து வெண்ணிலவில் குன்றைப் பிறர் கொண்டார்கள், தந்தையும் இல்லை. இளம்பெண்கள் தகப்பனையும் நாட்டையும் ஒன்றாக இழந்து பாடிய பாட்டு. ஆனால் இழப்புக்கும் பாட்டுக்கும் இடையே ஒரு மாதம்தான். நிலவு ஒரு சுற்று வந்திருக்கிறது, அவ்வளவே.

பதினைந்து ஆண்டு கழித்து நினைப்பவர் கையற்று நிற்பவர் அல்லர். கண்ணால் கண்ட 'ஒழிந்தோர்' வேறு. அவர்கள் வயிற்றில் பின்னால் பிறந்த பிள்ளைகள் வேறு. அந்தப் பிள்ளைகளின் செயலுக்குக் கையறுநிலையும் இரங்கலும் சரியாக அமையவில்லை. அங்கேதான் நினைவேந்தல் வருகிறது.

நினைவு + ஏந்தல் = நினைவேந்தல். நினைவை ஏந்தல் என்று விரியும் இரண்டாம் வேற்றுமைத் தொகை. 'நினைவு' என்பதன் ஈற்றில் உள்ளது முற்றியலுகரம். ஆனாலும் உயிர் வரும்போது குற்றியலுகரம் போலவே கெட்டுப் புணரும். 'முற்றும் அற்று ஒரோவழி' என்ற நன்னூல் விதி இதற்குப் போதும்.

வளம் இருப்பது ஏந்தலில். அகராதிகளில் இச்சொல்லுக்குக் கை நீட்டித் தாங்குதல், உயர்ச்சி, மேடு, பெருமையிற் சிறந்தவன், அரசன் என்றெல்லாம் பொருள் உண்டு. 'ஏந்திய கொள்கையார்' என்று குறள் சொல்வது உயர்ந்த நோக்கம் உடையவரை. சிறிய ஏரிக்கும் ஏந்தல் என்று பெயர். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் ஏந்தல் என்று முடியும் ஊர்ப்பெயர்கள் பல. வானம் எப்போதோ கொடுப்பதை வாங்கி, கோடைக்கு வைத்திருக்கும் இடம் அது. எனக்கு இந்தப் பொருள்தான் மிகவும் பிடித்தது.

தமிழில் பாரத்தைக் குறிக்க வேறு வினைகளும் இருக்கின்றன. சுமப்பது தலையிலும் முதுகிலும், சுமந்தவர் குனிவார். தாங்குவது அடியிலிருந்து, தூணும் தாங்கும், நெஞ்சும் தாங்கும். ஏந்துவது விரித்த கையில், பிறர் பார்க்கும்படி, சிந்திவிடாமல். குழந்தையை ஏந்துகிறோம், சுடரை ஏந்துகிறோம், பசித்தால் கையையே ஏந்துகிறோம். நினைவைச் சுமப்பவர் தாய்தகப்பன்மார். பலரால் அதைப் பேசவே முடிவதில்லை. பேச்சாக வெளியே எடுத்து, நான்கு பேர் முன்னால் ஏந்த வருபவர்கள் பிள்ளைகள்.

மே மாதத்தில் ஈழத்துத் தெருவோரங்களிலும் பல்கலைக்கழக வாசலிலும் பெரிய பானைகளில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுகிறார்கள். நந்திக்கடல் என்ற கடற்கழிக்கும் கிழக்குக் கடலுக்கும் இடையிலான ஒடுங்கிய மணல் நிலத்தில் அடைபட்டிருந்த மக்களுக்குக் கடைசி நாட்களில் கிடைத்த உணவு அது. அரிசி கொஞ்சம், தண்ணீர் நிறைய, இருந்தால் உப்பு. உணவுக்கு நின்ற வரிசைகளிலும் எறிகணைகள் விழுந்தன. பொதுமக்களில் 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் அறிக்கை கொடுத்தது. இன்று அந்தக் கஞ்சியைத் தேங்காய்ச் சிரட்டையிலும் ஊற்றிக் கொடுக்கிறார்கள். சிரட்டைக்குப் பிடி கிடையாது. அடி தட்டையாகவும் இராது. கீழே வைத்தால் சாய்ந்துவிடும். கஞ்சி கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது இரண்டு கையையும் குழித்து, விரல் நுனியில் பிடித்து, மெல்ல வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். குடித்து முடியும்வரை கையை எடுக்க முடியாது. ஏந்துதல் என்ற வினைக்கு இதைவிட நேரான படம் கிடைக்காது.

அப்படி ஏந்துவதற்கு விலையும் உண்டு. 2021 சனவரி 8 இரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 11ஆம் நாள் அதே இடத்தில் மறுபடி அடிக்கல் நாட்டப்பட்டது. ஏப்ரலில் தூபி எழுந்தது. அந்த மாணவர்களில் பலர் 2009இல் ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகள். 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் கஞ்சி கொடுத்ததற்காகப் பல்கலைக்கழக மாணவி ஒருவர் உட்பட நான்கு பேர் கைது செய்யப்பட்டார்கள். ஒரு சிரட்டைக் கஞ்சிக்காக!

நினைவுகூர்தலும் நல்ல தமிழ்தான். கூர்தல் என்றால் மிகுதல். ஏற்கெனவே இருக்கும் நினைவு உள்ளத்தில் மிகுந்து எழுவது நினைவுகூர்தல். அதற்கு நினைவு தன்னுடையதாக இருக்க வேண்டும். அம்மா தம் தம்பியை நினைவுகூர்கிறார். அந்தத் தாய்மாமனைக் கண்டே இராத மகள் எதைக் கூர்வாள்? அவளிடம் இருப்பது ஒரு பெயரும், அம்மா சொன்ன இரண்டு மூன்று செய்திகளும், இருந்தால் ஒரு மங்கிய படமும். அதை அவள் ஏந்துகிறாள். பிறருடைய பொருளையும் ஏந்தலாம் என்பதுதான் இந்தச் சொல்லின் அழகு.

எழுதும்போது சில கவனங்கள். 'நினைவேந்தல் அஞ்சலி' என்று இரண்டையும் சேர்க்க வேண்டாம், ஒன்று போதும். 'நினைவேந்தல் அனுஷ்டிக்கப்பட்டது' என்பதற்கு 'நினைவேந்தல் நடந்தது' என்றே எழுதலாம். வினையாகவும் துணிந்து ஆளலாம்: மாணவர்கள் நினைவேந்தினார்கள், நினைவேந்த வந்தவர்கள், நினைவேந்தும் உரிமை. வீட்டில் ஒருவருக்குச் செய்யும் ஆண்டுத் திவசத்துக்கு இந்தச் சொல் வேண்டியதில்லை. ஊரே கூடி ஏந்துவதற்கு வைத்துக்கொள்வோம்.

கடைசியாக ஒரு சொல்லைப் பாருங்கள்: கைக்குழந்தை. கையில் ஏந்தப்படும் குழந்தை. 2009 மே மாதத்தில் அந்த மணலில் யாரோ ஒருவர் ஏந்திக்கொண்டு ஓடியதால் பிழைத்த கைக்குழந்தைகள் இருந்தார்கள். இன்று அவர்கள்தான் பானைக்கு அருகே நின்று, சிரட்டையை இரண்டு கையாலும் நீட்டுகிறார்கள்.