நிலத்தை ஒப்படைத்துப் பட்டா வாங்கும் திட்டம்: அயர்லாந்தில் கலகம் ஓயாததற்கு ஒரு காரணம்

1541-இல் டப்ளின் நாடாளுமன்றம் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியை அயர்லாந்தின் அரசர் என்று அறிவித்த கையோடு இந்தத் திட்டம் வந்தது. கேலிக், அதாவது அயர்லாந்தின் பூர்வீக, குலத் தலைவர் தன் ஆளுகையில் உள்ள நிலம் முழுவதையும் அரசரிடம் ஒப்படைக்க வேண்டும், அரசர் அதையே பட்டா போட்டு அவருக்குத் திருப்பித் தருவார், கூடவே ஆங்கிலப் பிரபுப் பட்டமும் உண்டு. பதிலுக்குக் குலப் பட்டத்தை விட வேண்டும், போப்பின் அதிகாரத்தை மறுக்க வேண்டும், ஆங்கிலச் சட்டத்தையும் உடையையும் ஏற்க வேண்டும்.

கேட்க நல்ல பேரம்தான். ஆனால் அந்த நிலம் தலைவருடையதே இல்லை. கேலிக் வழக்கப்படி அது குலத்தின் பல கிளைகள் பங்கிட்டு அனுபவித்த நிலம், தலைவர் ஆள்பவர், அவ்வளவுதான். அவருக்குப் பின் மூத்த மகன்தான் என்றும் கிடையாது, தாயாதிகளுக்குள் தகுதியானவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பட்டா வந்த அன்றே எல்லாம் ஒருவர் சொத்தாகி, பட்டாவில் பெயருள்ள வாரிசுக்கு என்றாகிவிட்டது. பங்காளிகளின் சம்மதத்தை யார் கேட்டார்கள்?

அயர்லாந்தின் வட மாகாணமான அல்ஸ்டரைப் பாருங்கள். 1542-இல் அங்கே ஓ'நீல் குலத் தலைவரான கான் ஓ'நீல் லண்டன் அருகே கிரீனிச் அரண்மனைக்குப் போய் டிரோன் பிரபுவானார், வாரிசாக மகன் மேத்யூவின் பெயர் பதிவானது. இன்னொரு மகன் ஷேன் ஒப்பவில்லை. மேத்யூ டண்டாக் ஊர்க் கொல்லனின் பிள்ளை, எங்கள் ரத்தமே இல்லை என்றார். 1558-இல் ஷேனின் ஆட்கள் மேத்யூவைக் கொன்றார்கள், மறு வருடம் கான் இறந்ததும் ஷேன் தலைவரானார். பட்டா சொன்ன வாரிசுரிமை ஒன்று, குலம் ஏற்ற தலைவர் வேறு. 1567-இல் ஷேன் கொல்லப்படும்வரை லண்டனுக்கும் அவருக்கும் சண்டைதான்.

அப்புறம் நடந்ததுதான் பெரிய அநியாயம். மேத்யூவின் மகனும் டிரோன் பிரபுவுமான ஹ்யூ ஓ'நீல் 1603 வரை ஆங்கிலேயரோடு போரிட்டு, பின் சமாதானமாகி, 1607-இல் அல்ஸ்டர் கரையிலுள்ள ராத்மல்லனிலிருந்து கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். பிரபு துரோகி, ஆகவே பிரபுவின் நிலம் அரசருக்கு என்று வாதாட அந்தப் பட்டா வழி செய்தது. ஒரு தலைவர் ஓடியதற்கு அங்கே உழுதுகொண்டிருந்த குடும்பங்களின் உரிமையும் போனது. ஆறு மாவட்டங்களைக் கூறு போட்டு, ஆங்கிலேயருக்கும் ஸ்காட்லாந்துக்காரருக்கும் கொடுத்தார்கள். 1000 ஏக்கருக்கு அவர்களுக்கு ஆண்டு வரி 5 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ், நிலம் கிடைத்த சில ஐரிஷ்காரருக்கோ சரியாக இரட்டிப்பு. வந்தவர்கள் ஐரிஷ் குத்தகைதாரர்களை வைத்துக்கொள்ளவே கூடாது என்பதும் நிபந்தனை.

1641 அக்டோபரில் அல்ஸ்டரில் கலகம் வெடித்தபோது தலைமை தாங்கிய ஃபெலிம் ஓ'நீல், அந்தக் கூறு போடலில் நிலம் பெற்ற ஐரிஷ் குடும்பத்தில் வந்தவர்.