மொழிபெயர்த்தால் மட்டும் கேம் வந்துவிடாது

ஜப்பானிய கேம்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவரும் லோக்கலைசேஷன் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. இதைச் சொன்னதும் கேமர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ மதர் 3ஐ ஏன் சார் யாரும் மொழிபெயர்க்க மாட்டேங்கறீங்க?" மதர் 3 நின்டெண்டோ வெளியிட்ட ஒரு ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமாகவே மாறி கதையோடு ஆடும் கேம். அது எப்போதோ மொழிபெயர்த்தாயிற்று. 2008இலேயே ரசிகர்கள் முழுக் கேமையும் ஆங்கிலமாக்கி இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் கேம் மட்டும் இன்றுவரை அதிகாரபூர்வமாக ஜப்பானைத் தாண்டவில்லை.

மதர் 3 வெளியானது 2006 ஏப்ரலில், கேம் பாய் அட்வான்ஸ் என்ற கைக்கருவிக்கு. ஆனால் அதற்கு அடுத்த கைக்கருவியான நின்டெண்டோ டிஎஸ் 2004 கடைசியிலேயே கடைக்கு வந்துவிட்டது. மொழிபெயர்த்து, சோதித்து, கார்ட்ரிட்ஜ் அடித்து அமெரிக்கக் கடையில் வைப்பதற்குள் பழைய கருவிக்குப் புதுக் கேம் வாங்க ஆளே இருக்காது. இதற்கு முந்தைய பாகம் எர்த்பவுண்ட் என்ற பெயரில் 1995இல் அங்கே போய் சரியாக விற்கவும் இல்லை. வியாபாரமாகப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது, அவ்வளவுதான்.

உரிமைச் சிக்கல் இதைவிடப் பெரியது. 2005இல் டிஎஸ்ஸுக்கு 'ஓசு! தத்தகாயே! ஓஎந்தான்' என்று ஒரு இசை கேம் வந்தது. கறுப்புச் சீருடை போட்ட உற்சாகப் படை ஒன்று, பரீட்சைக்குப் படிக்கும் பையன், கடை நடத்த முடியாமல் திணறுபவர் என்று கஷ்டத்தில் இருப்பவர்கள் முன் வந்து நின்று ஆடும். நாம் தாளம் தவறாமல் திரையைத் தட்ட வேண்டும். பிரமாதமான கேம். வசனமும் கொஞ்சம்தான், ஒரு வாரத்தில் மொழிபெயர்த்துவிடலாம். ஆனால் எல்லாமே ஜப்பானியப் பாட்டுகள். பாட்டுக்கு உரிமை வாங்கும்போது எந்த நாட்டுக்கு, எத்தனை வருடத்துக்கு என்று தனித்தனியாக எழுதித்தான் வாங்குவார்கள். வெளிநாட்டுக்கு மறுபடி காசு கட்டினாலும், அந்தப் பாட்டை அங்கே யாருக்குத் தெரியும்? அதனால் நின்டெண்டோ வேறு வழிக்குப் போனது. அதே ஆட்டத்தை வைத்துக்கொண்டு பாட்டு, கதை, ஆட்கள் எல்லாவற்றையும் மாற்றி, கோட்டு சூட்டு போட்ட ரகசிய ஏஜென்ட்டுகளாக்கி, 2006இல் 'எலீட் பீட் ஏஜென்ட்ஸ்' என்று அமெரிக்காவில் வெளியிட்டார்கள். அதை மொழிபெயர்ப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. புதுக் கேமே செய்துவிட்டார்கள். மூலக் கேம் ஜப்பானிலேயே தங்கிவிட்டது.

ஆங்கிலப் பதிப்பு கையில் தயாராக இருந்தும் அமெரிக்கக் கடைக்கு வராத கதையும் உண்டு. 'சூப்பர் ரோபோ வார்ஸ் வி' 2017இல் பிளேஸ்டேஷன் 4க்கு வந்தபோது, தென்கிழக்கு ஆசியாவுக்கென்றே முழு ஆங்கிலப் பதிப்பும் வந்தது. சிங்கப்பூர்க்காரர்கள் கடையில் போய் வாங்கினார்கள். அமெரிக்காவில் இருந்தவர்கள் அதையே இறக்குமதி செய்து விளையாடினார்கள். ஒரே கேமுக்குள் பல அனிமே தொடர்களின் ரோபோக்கள்; ஒவ்வொன்றின் மேற்கத்திய உரிமையும் வேறு வேறு கைகளில். 2021இல் வந்த 'சூப்பர் ரோபோ வார்ஸ் 30'தான் ஸ்டீம் என்ற கம்ப்யூட்டர் கேம் ஆன்லைன் கடை வழியாக மேற்கே போனது.

சரி, மொழிபெயர்ப்பில் சிரமமே இல்லையா? இருக்கிறது, வேறு மாதிரி. பழைய ஆர்பிஜி ஒன்றின் சண்டை மெனுவைத் திறந்து பாருங்கள். 'தாக்கு' என்பதற்கு ஜப்பானியத்தில் இரண்டே கான்ஜி எழுத்து (சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்). பெட்டியும் அந்த அளவுக்குத்தான். ஆங்கிலத்தில் ஆறு எழுத்து வந்து உட்கார்ந்தால் கடைசி இரண்டும் பெட்டிக்கு வெளியே தொங்கும். பெட்டியின் அகலத்தை புரோகிராமுக்குள்ளேயே எண்ணாக எழுதி வைத்திருப்பார்கள். அதை மாற்ற, எழுதிய புரோகிராமரே வர வேண்டும். அவரோ அடுத்த கேமில் மூழ்கியிருப்பார். கூடவே வசனமும் மலையாகக் குவிந்தால் கேட்கவே வேண்டாம். 'டிரெய்ல்ஸ் இன் த ஸ்கை'யின் இரண்டாம் பாகம் ஜப்பானில் 2006இல் வந்தது, ஆங்கிலத்தில் 2015இல்.

இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை. பல நிறுவனங்கள் முதல் நாளிலிருந்தே எல்லா மொழிக்கும் இடம் விட்டுத்தான் கேமைக் கட்டுகின்றன. 2011இல் ஜப்பானோடு நின்றுபோன 'கியாகுதென் கென்ஜி 2' 2024இல் ஒரு தொகுப்புக்குள் ஆங்கிலத்தில் வந்தேவிட்டது. அதனால் "இனி வரவே வராது" என்று இறக்குமதிப் பிரதி விற்பவர் அவசரப்படுத்தினால் பர்ஸை உடனே திறக்காதீர்கள்.

அப்புறம், ஆன்லைனில் 'மதர் 3 இங்கிலீஷ்' என்று பளபளக்கும் பெட்டியோடு ஒரு கார்ட்ரிட்ஜ் விற்பார்கள். அது போலிதான், சந்தேகமே வேண்டாம். நின்டெண்டோ அப்படி ஒன்றைத் தயாரிக்கவே இல்லை. ரசிகர்கள் சும்மா கொடுத்ததை எவனோ சிப்பில் ஏற்றிக் காசு பார்க்கிறான்.

உண்மையான இறக்குமதிப் பிரதி வாங்குகிறீர்களா? முதலில் பெட்டியின் பின்பக்கத்தில் எந்தெந்த மொழி என்று பாருங்கள். நின்டெண்டோ ஸ்விட்சில் ஏறக்குறைய எந்த நாட்டு கார்ட்ரிட்ஜும் ஓடும். அதற்கு முந்தைய கைக்கருவியான 3டிஎஸ்ஸில் வேறு பிராந்தியத்துடையது ஓடாது. பிளேஸ்டேஷன் 4, 5 டிஸ்க் ஓடிவிடும், ஆனால் டிஎல்சி (கேமுக்குத் தனியாகக் காசு கொடுத்து இறக்கும் கூடுதல் பகுதி) வாங்க டிஸ்க்கின் பிராந்தியத்திலேயே கணக்கு வேண்டும். ஜப்பான் டிஸ்க்கைப் போட்டுவிட்டு இந்தியக் கணக்கில் வாங்கிய டிஎல்சி அதோடு சேராது.