அக்கவுண்ட்டை ரிமூவ் செய்வதற்கு முன்னால் ஒரு நிமிஷம்

"மெயில் வரலைன்னு அக்கவுண்ட்டை ரிமூவ் பண்ணிட்டு மறுபடி ஆட் பண்ணேன் சார், இப்போ பழைய மெயில் ஒண்ணுமே காணோம்." இதை வேறு வேறு குரல்களில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கடைசியாக இப்படி வந்தவர் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர். பல வருஷத்து இன்வாய்ஸ், ஒப்பந்தங்கள், வரி சம்பந்தமான கடிதங்கள் எல்லாம் மைக்ரோசாஃப்ட்டின் மெயில் ஆப்பான அவுட்லுக்கில்தான் இருந்தன. ஒருநாள் புது மெயில் வருவது நின்றிருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரர் வழக்கமான வைத்தியத்தைச் சொல்ல, இவரும் அப்படியே செய்திருக்கிறார். மறுபடி சேர்த்தபோது இரண்டு வாரத்து மெயில் மட்டும் இறங்கியது. மீதியைத் தேடும்போது டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் பல ஜிபி அளவில் ஒரு ஃபைல் கிடப்பது கண்ணில் பட, இதுதான் இடத்தை அடைத்துக்கொண்டு மெயிலை வரவிடாமல் செய்கிறது என்று அவராகவே முடிவு கட்டி ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாமல் ஷிஃப்ட் டெலிட் கொடுத்துவிட்டார்.

அந்த ஃபைல்தான் அவருடைய மொத்த மெயிலும். அக்கவுண்ட்டை ரிமூவ் செய்தபோதுகூட அது பத்திரமாகத்தான் இருந்தது. எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத புதுவகை) டிஸ்க்கில் அழித்ததை மீட்பது பெரும்பாலும் நடக்காத காரியம், ஏனென்றால் அழித்த இடத்தை டிஸ்க் தானாகவே துடைத்துவிடும். ரிகவரி சாஃப்ட்வேர் ஃபைலின் பெயரைக் காட்டியது, உள்ளே ஒன்றுமில்லை.

அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. "மெயில் எல்லாம் எப்படியும் ஆன்லைன்லதானே இருக்கும்" என்று நம்பாதவர் யார்? எனக்கு எரிச்சல் வருவது இந்த நம்பிக்கையின் மேல்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் மெயில் ஆப் சர்வரோடு, அதாவது மெயில் கம்பெனியின் கம்ப்யூட்டரோடு, பேசுவதற்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள்: ஒன்று பாப் (POP), இன்னொன்று ஐமேப் (IMAP). ஐமேப்பில் மெயில் சர்வரில் இருக்கும், உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது அதன் பிரதி. ஆப்பைத் தூக்கிவிட்டு மறுபடி போட்டாலும் எல்லாம் திரும்ப இறங்கும். பாப் அப்படியில்லை. அது சர்வரிலிருந்து மெயிலை இறக்கி உங்கள் கம்ப்யூட்டரில் வைத்துவிட்டு, செட்டிங்கைப் பொறுத்து சர்வரில் இருப்பதை உடனேயோ சில நாள் கழித்தோ அழித்துவிடும். அவுட்லுக்கில் பாப் அக்கவுண்ட் போடும்போது "14 நாளுக்குப் பிறகு சர்வரிலிருந்து நீக்கு" என்ற டிக் பெரும்பாலும் தானாகவே விழுந்திருக்கும். மேலே சொன்னவருக்கு இரண்டு வாரத்து மெயில் மட்டும் வந்த கணக்கு இப்போது புரிகிறதா? அதற்கு முந்தையதெல்லாம் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில், அவர் மேஜையில் இருந்த கம்ப்யூட்டரில், ஒரே ஒரு ஃபைலாக இருந்தது. ஆன்லைனில் ஒன்றும் இல்லை. மெயில் கம்பெனிக்குப் போன் போட்டாலும் இல்லை, பாஸ்வேர்ட் சரியாக இருந்தாலும் இல்லை. (ஐமேப் ஏதோ நேற்று வந்த புதுசு, அதனால் பழைய மெயில் ஐடிக்கெல்லாம் பாப்தான் ஒத்துவரும் என்று சொல்லிக் கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஐமேப்பை மார்க் கிரிஸ்பின் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கியது 1986-இல்.)

உங்களுடையது எது என்று பார்ப்பது ரொம்ப எளிது. அக்கவுண்ட் செட்டிங்ஸில் மெயில் ஐடிக்குப் பக்கத்திலேயே பாப் அல்லது ஐமேப் என்று போட்டிருக்கும். இல்லையென்றால் இன்கமிங் சர்வரின் போர்ட் எண்ணைப் பாருங்கள்: 995 அல்லது 110 என்றால் பாப், 993 அல்லது 143 என்றால் ஐமேப். அவுட்லுக்கில் டேட்டா ஃபைல்ஸ் என்ற இடத்துக்குப் போனால் ஃபைலின் பெயரும் அது எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். பி.எஸ்.டி. (.pst) என்று முடிந்தால் அதைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்ற வேண்டும். 2013-இலும் அதற்குப் பிறகும் வந்த அவுட்லுக்கில் ஓ.எஸ்.டி. (.ost) என்று முடிந்தால் அது பெரும்பாலும் வெறும் பிரதி, சர்வரிலிருந்து மறுபடி உண்டாக்கிக்கொள்ளலாம்.

ஐமேப் என்று தெரிந்ததும் நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். இடம் காலி செய்கிறேன் என்று சர்வரில் இருந்த பழைய மெயிலை இழுத்து "திஸ் கம்ப்யூட்டர் ஒன்லி", "லோக்கல் ஃபோல்டர்ஸ்", "ஆர்க்கைவ்" மாதிரியான ஃபோல்டர்களில் போட்டு வைத்திருந்தால் அவையும் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கும். இதற்கு நேர் எதிரான புகாரும் வரும். "போன்லதானே அழிச்சேன், கம்ப்யூட்டர்ல எப்படிப் போச்சு?" ஐமேப்பில் இருப்பது ஒரே பெட்டி. எங்கே அழித்தாலும் எல்லா இடத்திலும் போகும். ஜிமெயிலில் டிராஷில் 30 நாள் கிடக்கும், அதற்குள் எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் வந்து என்னைக் கேட்டுப் பயனில்லை.

ஆகவே, மெயில் வரவில்லையா? எதையும் தொடாதீர்கள். முதலில் பிரவுசரைத் திறந்து, உங்கள் மெயில் ஐடியின் வெப்மெயிலுக்குள் போய்ப் பாருங்கள். புது மெயில் அங்கே வந்து கிடந்தால் அக்கவுண்ட் நன்றாக இருக்கிறது, கோளாறு ஆப்பில். அங்கேயும் வரவில்லை என்றால் ஆப்பை எத்தனை தடவை நீக்கிப் போட்டாலும் அது காய்ச்சல் குறைய தெர்மாமீட்டரை மாற்றுகிற வேலைதான். இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

அடுத்தது பாஸ்வேர்ட். "சரியான பாஸ்வேர்ட்தான் போடுறேன், திரும்பத் திரும்பக் கேட்குது." சரியாகத்தான் போடுவீர்கள், நம்புகிறேன். ஆனால் பல சேவைகள் சாதாரண பாஸ்வேர்டை வெளி ஆப்களிடமிருந்து வாங்குவதையே நிறுத்திவிட்டன. கூகுள் தனிநபர் அக்கவுண்ட்டுகளுக்கு 2022 மே மாதத்தில் இதைத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட்டின் அவுட்லுக் டாட் காம் 2024 செப்டம்பரில் செய்தது. இப்போது ஆப் ஒரு பிரவுசர் ஜன்னலைத் திறந்து, அதற்குள் உங்களை லாகின் செய்யச் சொல்ல வேண்டும். அது தெரியாத பழைய ஆப் என்றால், ஜிமெயிலில் இரண்டடுக்கு சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் ஒன்றை உருவாக்கி அதைக் கொடுக்க வேண்டும். எல்லோரும் செய்வது என்ன? கோபத்தில் மெயின் பாஸ்வேர்டையே மாற்றுவது. கூகுளில் அதை மாற்றினால் ஏற்கெனவே உருவாக்கிய ஆப் பாஸ்வேர்டுகள் அத்தனையும் ரத்தாகிவிடும். இதுவரை ஒரு இடத்தில் இருந்த பிரச்சினை இப்போது எல்லா இடத்திலும். போதாக்குறைக்கு, அலமாரியில் கிடக்கும் பழைய டேப்லெட் ஒன்று பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டே இருக்கும், சில சர்வர்கள் அதைத் திருட்டு முயற்சி என்று நினைத்து அக்கவுண்ட்டைக் கொஞ்ச நேரம் பூட்டியும்விடும்.

சின்னச் சின்ன விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அவுட்லுக்கில் "வொர்க் ஆஃப்லைன்" தெரியாமல் அமுங்கியிருக்கிறதா பாருங்கள், சிரிக்காதீர்கள், இது நிறையவே நடக்கிறது. சர்டிஃபிகேட் எரர் என்று வந்தால் முதலில் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள், சில வருஷம் பின்னால் போயிருக்கும். அவுட்பாக்ஸில் ஒரு மெயில் சிக்கிக்கொண்டு போகவே மாட்டேன் என்றால் பெரும்பாலும் அட்டாச்மென்ட் பெரிது. அனுப்பும்போது ஃபைல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஊதிப்போகும் என்பதால், எதிராளியின் சர்வர் 25 எம்பி வரை வாங்கும் என்றாலும் 20 எம்பி ஃபைலே திரும்பி வரலாம். லிங்க்காக அனுப்புங்கள். ஜிமெயிலில் இலவச இடம் 15 ஜிபிதான், அதை போட்டோவும் டிரைவும் சேர்ந்தே பங்குபோட்டுக்கொள்கின்றன. அது நிறைந்தால் மெயில் வருவது நின்றுவிடும், ஆப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

திரும்பி வரும் மெயிலைப் படிக்காமல் அழிக்கிறவர்கள் ஏராளம். அதில் ஒரு மூன்று இலக்க எண் இருக்கும். 4-இல் தொடங்கினால் தற்காலிகம், சர்வர் தானாக மறுபடி முயலும், பொறுங்கள். 5-இல் தொடங்கினால் முடிவான மறுப்பு, எதையாவது சரிசெய்யாமல் அனுப்பிக்கொண்டே இருந்து பயனில்லை. 550-உடன் 5.1.1 என்றிருந்தால் அப்படியொரு முகவரியே இல்லை, ஸ்பெல்லிங்கைப் பாருங்கள். 5.2.2 என்றால் அவர்களுடைய பெட்டி நிறைந்துவிட்டது. 535 என்றால் உங்கள் லாகினை சர்வர் ஏற்கவில்லை.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லோருடைய மெயிலும் வருகிறது, குறிப்பிட்ட ஒருவருடையது மட்டும் வரவில்லை, ஸ்பாமிலும் இல்லை என்றால் வெப்மெயிலுக்குள் போய் ஃபில்டர், ரூல்ஸ், ஃபார்வர்டிங் மூன்றையும் திறந்து பாருங்கள். அக்கவுண்ட்டுக்குள் புகுந்தவர்கள் செய்கிற வேலை இது. பணம் கேட்டு உங்கள் பெயரில் மெயில் போட்டுவிட்டு, பதில் வந்தால் உங்கள் கண்ணில் படாமல் நேராக வேறு ஃபோல்டருக்குப் போகும்படி ஒரு ரூல் எழுதி வைத்துவிடுவார்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த ரூல் அப்படியே இருக்கும், ஃபார்வர்டிங்கும் போட்டிருந்தால் உங்கள் மெயிலின் நகல் அவர்களுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பாஸ்வேர்டை மாற்றுங்கள், ரூலையும் ஃபார்வர்டிங்கையும் நீக்குங்கள், வேறு யாரும் உள்ளே இருக்கிறார்களா என்று பார்த்து எல்லா டிவைஸிலிருந்தும் வெளியேற்றுங்கள், ரெகவரி போன் நம்பர் உங்களுடையதுதானா என்று பாருங்கள். பாதி பேர் ஏற்கெனவே விட்டுவிட்ட நம்பரைத்தான் அங்கே வைத்திருக்கிறார்கள்.

தயவுசெய்து, மெயில் திறக்கவில்லை என்று கஸ்டமர் கேர் நம்பரை இணையத்தில் தேடிக் கூப்பிடாதீர்கள். இலவச மெயில் ஐடிக்கு ஆள் எடுத்துப் பேசுகிற நம்பர் என்று தேடினால் கிடைப்பதில் பெரும்பாலானவை மோசடி. ஸ்கிரீனைப் பகிரும் ஆப் ஒன்றைப் போடச் சொல்வார்கள், வந்த ஓடிபியைப் படிக்கச் சொல்வார்கள். வயதான பெற்றோர் வீட்டில் இருந்தால் இதை மட்டுமாவது அவர்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பாப்தான் வைத்திருக்கிறோம் என்று தெரிந்தவர்கள் அவுட்லுக்கை மூடிவிட்டு அந்த பி.எஸ்.டி. ஃபைலை ஒரு வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். திறந்து வைத்துக்கொண்டே எடுத்தால் காப்பி ஆகாது, அப்படியே ஆகிவிட்டாலும் அரைகுறையாக இருக்கும். அப்புறம் அதே ஐடியை ஐமேப்பாகச் சேர்த்து, சர்வரில் போதுமான இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பழைய மெயிலை ஃபோல்டர் ஃபோல்டராக அதற்குள் இழுத்துப் போடுங்கள். மொத்தமாக இழுத்தால் நடுவில் நின்றுபோகும். எல்லாம் ஏறிவிட்டதா என்று வெப்மெயிலில் போய்ப் பார்த்த பிறகுதான் பாப் அக்கவுண்ட்டை நீக்க வேண்டும், அந்தக் காப்பியை அப்போதும் அழிக்க வேண்டாம்.

உதவி கேட்டு யாரிடம் போனாலும் "மெயில் வரலை" என்று மட்டும் சொல்லாமல், பிரவுசரில் வருகிறதா, கடைசியாக எப்போது வந்தது, அதற்கு முன்னால் என்ன மாற்றினீர்கள், திரையில் வந்த எரர் என்ன என்பதை எழுதி அனுப்புங்கள். எரரை ஓரம் வெட்டாமல் முழுசாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், எங்களுக்கு வேண்டிய எண் எப்போதும் அந்த வெட்டிய ஓரத்தில்தான் இருக்கும்.