துளையில் தொங்கிய துணுக்கும் 537 வாக்குகளும்

2000 நவம்பர் 7 அன்று நடந்த அதிபர் தேர்தலில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் வாக்களித்தார்கள். ஜார்ஜ் புஷ்ஷுக்கும் அல் கோருக்கும் இடையே கடைசியாகச் சான்றளிக்கப்பட்ட வித்தியாசம் 537 வாக்குகள். 10,000 வாக்குக்கு ஒன்று என்ற கணக்குக்கூட வரவில்லை. அதிபரைத் தேர்ந்தெடுப்பது மாநிலங்களின் சார்பில் வாக்களிக்கும் தேர்வாளர்கள்; அதிபராக அவர்களின் 270 வாக்குகள் வேண்டும். ஃப்ளோரிடாவின் 25 வாக்குகளைச் சேர்க்காமல் இருவரில் எவராலும் அந்த எண்ணைத் தொட முடியாத நிலை. அடுத்த 36 நாள் நடந்த வழக்குகளில் எல்லாக் கேள்வியும் சுற்றிச்சுற்றி ஓரிடத்துக்கே வந்தது: ஓர் அட்டையில் பாதி கிழிந்து நிற்கும் சிறு காகிதத் துணுக்கு வாக்கா, இல்லையா?

அந்தத் துணுக்கு எப்படிப் பாதியில் நின்றது என்று புரிந்தால்தான் வழக்கும் புரியும்.

ஃப்ளோரிடாவின் 67 கவுன்டிகளில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகளில்) 24, துளை அட்டை முறையில் வாக்குப் பதிந்தன. கலிஃபோர்னியாவில் அரசியல் பேராசிரியராக இருந்த ஜோசஃப் ஹாரிஸ் 1960களில் உருவாக்கிய 'வோட்டோமேட்டிக்' என்ற கருவியும் அதே வகையில் வந்தவையும்தான் அங்கே இருந்தன. அட்டை சுமார் 19 சென்டிமீட்டர் நீளம், 8 சென்டிமீட்டர் அகலம். அதில் 300க்கும் மேற்பட்ட சிறு செவ்வகங்கள் முன்கூட்டியே கீறப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் நான்கு மூலைகளில் மட்டும் அட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அட்டையில் வேட்பாளர் பெயர் எதுவும் கிடையாது, எண்கள் மட்டுமே. பெயர்கள் கருவியின் மேல் பொருத்திய புத்தகத்தில் இருக்கும். வாக்காளர் அட்டையைக் கருவிக்குள் செருகி, மேலே இருக்கும் இரண்டு குமிழ்களில் மாட்டி, பெயருக்கு நேரே உள்ள துளையில் ஊசிமுனைக் கோலை நேராக அழுத்த வேண்டும். கீழே இருக்கும் ரப்பர் பட்டைகள் துணுக்கைப் பிடித்து இழுத்துக்கொள்ளும்.

எல்லாம் புதிதாக இருக்கும்வரை இது ஒழுங்காகவே நடக்கும். பல தேர்தல்கள் ஓடியபின் ரப்பர் கெட்டிப்பட்டுவிடுகிறது. பழைய துணுக்குகள் தட்டில் குவிந்து, அதிகம் குத்தப்படும் துளைகளின் அடியில் முட்டுக்கொடுத்து நிற்கின்றன. அதிபர் பதவிக்கான துளைகள் முதல் பத்தியில் இருப்பதால் தேய்மானமும் குவியலும் அங்கேதான் அதிகம். அட்டையைக் குமிழில் மாட்டாமல் மேலே வைத்துக் குத்தினாலும், கோலைச் சாய்த்துக் குத்தினாலும் துணுக்கு முழுதாகப் பிரிவதில்லை. ஒரு மூலையில் மட்டும் ஒட்டியிருந்தால் 'தொங்கும் துணுக்கு', இரண்டு மூலையென்றால் 'ஆடும் துணுக்கு', மூன்று மூலை ஒட்டியிருப்பது 'மும்மூலைத் துணுக்கு'. நான்கு மூலையும் அப்படியே இருந்து நடுவில் மட்டும் குழி விழுந்திருந்தால் அது 'குழித் துணுக்கு'.

எண்ணும் இயந்திரத்துக்கு இந்த வகைகள் ஒன்றும் தெரியாது. அட்டையை ஒளியின் குறுக்கே வேகமாக ஓட்டுகிறது; ஒளி ஊடுருவினால் வாக்கு, இல்லையென்றால் வெற்று. தொங்கும் துணுக்கு ஓடும் வேகத்தில் மடங்கித் துளையை மூடிக்கொண்டால் அந்த வாக்கு போயிற்று. மறுபடி ஓட்டும்போது துணுக்கு உதிர்ந்துவிட்டால் அதே அட்டையில் வாக்கு 'தோன்றும்'. முதல் எண்ணிக்கையில் 1,784 ஆக இருந்த புஷ்ஷின் முன்னிலை, இயந்திர மறு எண்ணிக்கையில் சில நூறாகச் சுருங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். வழக்கு ஆவணங்களில் வந்த கணக்கு: துளை அட்டைக் கவுன்டிகளில் அதிபர் தேர்தலுக்கு வாக்கு பதிவாகாத சீட்டுகள் 3.92 சதவீதம், குறியிட்ட காகிதச் சீட்டைப் படிக்கும் ஒளி வருடிகள் இருந்த கவுன்டிகளில் 1.43 சதவீதம். கருவியை மாற்றினாலே 10,000 சீட்டுக்குச் சுமார் 250 வாக்குகள் கூடும் அல்லது குறையும். வித்தியாசமோ 10,000க்கு ஒன்றுக்கும் குறைவு. அளவுகோலின் பிழை, அளக்கும் பொருளைவிட இருநூறு மடங்குக்கும் மேல் பெரிது.

இப்படிப்பட்ட நேரத்தில் உண்மையான எண்ணிக்கை என்று எதையும் கண்டுபிடிக்க முடியாது. எந்தத் தடயத்தை வாக்காக ஏற்பது என்று விதிதான் சொல்ல வேண்டும். தேர்தல் வழக்கறிஞர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான்: அந்த விதி வாக்குப் பதிவுக்கு முன்பே எழுதப்பட்டிருந்ததா? டெக்சாஸ் மாநிலம் எழுதி வைத்திருந்தது. குறைந்தது இரண்டு மூலை பிரிந்திருக்க வேண்டும், அல்லது துளையில் ஒளி தெரிய வேண்டும், அல்லது வாக்காளரின் விருப்பத்தைத் தெளிவாகக் காட்டும் குழி இருக்க வேண்டும் என்று அதன் சட்டம் வரிசையாகச் சொல்லியது. ஃப்ளோரிடா சட்டத்தில் இருந்தது ஒரே வரி: வாக்காளரின் விருப்பம் தெளிவாகத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு கவுன்டிகள் என்ன செய்தன? பாம் பீச் கவுன்டி, முழுதும் ஒட்டியிருக்கும் துணுக்கை ஏற்காத 1990ஆம் ஆண்டின் வழிகாட்டுதலோடு தொடங்கியது. பிறகு ஒளி சிறிது தெரிந்தாலே போதும் என்றது. பிறகு பழைய விதிக்கே திரும்பியது. கடைசியில் நிலையான விதி என்று ஒன்றே இல்லாமல் போயிற்று. பக்கத்து கவுன்டியான ப்ரோவர்டு தாராளமாக எண்ணியது. பாம் பீச்சைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு புதிய வாக்குகளைக் கண்டெடுத்தது. அங்கே நீதிபதி ஒருவர் பூதக்கண்ணாடி வழியே அட்டையை உற்றுப் பார்க்கும் புகைப்படம் உலகெங்கும் அச்சானது. அவர் தேடியது ஒரு சின்னஞ்சிறு குழியை.

வழக்கின் வழித்தடத்தையும் பார்ப்போம். ஃப்ளோரிடா சட்டத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. முதலாவது, முடிவு சான்றளிக்கப்படும் முன் எழுப்பும் ஆட்சேபம். வித்தியாசம் அரை சதவீதத்துக்குள் என்றால் இயந்திர மறு எண்ணிக்கை தானாகவே நடக்கும். கையால் எண்ண வேண்டுமென்றால் ஒவ்வொரு கவுன்டியிலும் தனித்தனியாக மனுப்போட வேண்டும். கவுன்டியின் தேர்தல் வாரியம் முதலில் குறைந்தது 3 வாக்குச்சாவடிகளில், மொத்த வாக்கில் 1 சதவீதத்தை மாதிரியாக எண்ணும். 'வாக்கு அட்டவணைப்படுத்தலில் பிழை' தெரிந்தால்தான் முழு எண்ணிக்கை. இந்தச் சொற்றொடருக்குப் பொருள் என்ன என்பதிலேயே முதல் மோதல் வெடித்தது. இயந்திரம் பழுதானால் மட்டுமே அது பிழை, வாக்காளர் சரியாகக் குத்தாதது பிழையாகாது என்றார் மாநிலச் செயலர் கேத்தரின் ஹாரிஸ். இயந்திரம் படிக்கத் தவறியதும் பிழைதான் என்றார் மாநிலத் தலைமை வழக்கறிஞர் பாப் பட்டர்வொர்த்.

கோர் தரப்பு வோலூசியா, பாம் பீச், ப்ரோவர்டு, மயாமி-டேட் ஆகிய நான்கு கவுன்டிகளில் மட்டுமே கையெண்ணிக்கை கேட்டது. நான்குமே அவருக்குச் செல்வாக்குள்ள இடங்கள். மாநிலம் முழுவதற்கும் ஒரே மனு என்ற வழி சட்டத்தில் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் இது பெரிய சறுக்கல். தனக்குச் சாதகமான இடத்தில் மட்டும் எண்ணச் சொல்பவர் எல்லா வாக்கும் எண்ணப்பட வேண்டும் என்று வாதிட்டால், நீதிமன்றத்தில் அது முழு வலுவோடு நிற்காது.

சான்றளிக்கும் கெடு சட்டப்படி நவம்பர் 14. மாநில உச்ச நீதிமன்றம் அதை 26ஆம் தேதி மாலை 5 மணிவரை நீட்டியது. பாம் பீச் சுமார் இரண்டு மணி நேரம் தாமதமாக முடித்தது. அதன் முழுக் கணக்கு ஏற்கப்படவில்லை. நேரம் போதாதென்று மயாமி-டேட் நடுவிலேயே எண்ணிக்கையை நிறுத்திவிட்டது. அங்கே மட்டும் சுமார் 9,000 சீட்டுகளைக் கைபட யாரும் பார்க்கவில்லை. 537 என்ற எண் இப்படித்தான் பிறந்தது. ஆட்சேபக் கட்டத்தை நீட்டியதால், அடுத்த கட்டமான தேர்தல் வழக்குக்கு மிஞ்சியது 16 நாள் மட்டுமே. அந்த நீட்டிப்பு கோருக்கு உதவியதைவிடக் கெடுத்ததே அதிகம் என்பது என் கணிப்பு.

வழக்குக்காக 10 லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் லாரியேறித் தலைநகர் டலஹாசிக்கு வந்தன. விசாரணை நீதிபதி சாண்டர்ஸ் சால்ஸ் அவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் டிசம்பர் 4 அன்று மனுவைத் தள்ளுபடி செய்தார். முடிவு மாறியிருக்கும் என்பதற்கு நியாயமான வாய்ப்பை மனுதாரர் நிரூபிக்கவில்லை என்றார். சட்டமோ முடிவை 'மாற்றவோ சந்தேகத்துக்கு உள்ளாக்கவோ' போதுமான சட்டப்படியான வாக்குகள் நிராகரிக்கப்பட்டிருந்தால் போதும் என்றது. அந்த இரண்டாவது சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மாநில உச்ச நீதிமன்றம் டிசம்பர் 8 அன்று 4-3 என்ற கணக்கில் தீர்ப்பை மாற்றியது. இயந்திரம் வெற்றாக ஒதுக்கிய சீட்டுகளை மாநிலம் முழுவதும் கையால் எண்ண உத்தரவிட்டது.

எப்படி எண்ண வேண்டும் என்று மட்டும் அது சொல்லவில்லை. காரணம் இருக்கிறது. தேர்தலுக்கு முன் இருந்த சட்டப்படி டிசம்பர் 12க்குள் தகராறு தீர்ந்தால் அந்த முடிவை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கேள்வி கேட்காமல் ஏற்கும் என்று அப்போது ஒரு கூட்டாட்சிச் சட்டம் இருந்தது. அந்தக் கெடுவைப் 'பாதுகாப்புத் துறைமுகம்' என்பார்கள். இரண்டு மூலை, மூன்று மூலை என்று நீதிமன்றம் புதிதாக எழுதினால், தேர்தலுக்குப் பின் சட்டத்தை மாற்றிய குற்றச்சாட்டு வரும். எழுதாவிட்டால், கவுன்டிக்கு ஒரு விதி என்ற குற்றச்சாட்டு வரும். இருதலைக் கொள்ளி எறும்பின் நிலை. அது எழுதாமல் விட்டது. மாட்டிக்கொண்டது.

டிசம்பர் 9, எண்ணிக்கை தொடங்கிய நாள் பிற்பகலிலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்று தடை விதித்தது. 12ஆம் தேதி இரவு 'புஷ் எதிர் கோர்' தீர்ப்பு வந்தது. ஒரே மாதிரியான குழி ஓரிடத்தில் வாக்கு, இன்னோரிடத்தில் குப்பை என்றால் அது அரசமைப்பின் 14ஆம் திருத்தம் தரும் சமப் பாதுகாப்புக்கு முரண் என்பதில் ஏழு நீதிபதிகள் கவலை தெரிவித்தார்கள். சரிசெய்ய நேரமில்லை, ஆகவே எண்ணிக்கையே வேண்டாம் என்றவர்கள் ஐவர். பொது விதி வகுத்து, தேர்வாளர்கள் கூடும் டிசம்பர் 18வரை எண்ணலாம் என்றார்கள் நீதிபதிகள் சூட்டரும் ப்ரையரும். குறையைக் கண்டறிந்த பகுதி சரி, பரிகாரம் தவறு. அன்றைய சட்டத்தில் பாதுகாப்புத் துறைமுகம் ஒரு சலுகை மட்டுமே. அதைத் தவறவிட்ட மாநிலம் வாக்கை இழந்துவிடவில்லை. 1960இல் ஹவாயில் மறு எண்ணிக்கைக்குப் பின் கென்னடி 115 வாக்கில் வென்றார். அந்தச் சான்று ஜனவரியில்தான் போனது, காங்கிரஸ் அதை ஏற்றுக்கொண்டது.

துணுக்குகளைவிடப் பெரிய சேதம் வேறிடத்தில் நடந்திருந்தது. முதியவர்கள் படிக்க எளிதாக இருக்கட்டும் என்று பாம் பீச்சில் எழுத்தைப் பெரிதாக்கினார்கள். பெயர்கள் எதிரெதிர்ப் பக்கங்களுக்குப் பரவின, துளைகள் நடுவில் ஒரே வரிசையாக நின்றன. இடப்பக்கத்தில் கோர் இரண்டாவது பெயர். ஆனால் இரண்டாவது துளை வலப்பக்கத்திலிருந்த இன்னொரு வேட்பாளர் பேட் புக்கேனனுக்கு உரியது. புக்கேனனுக்கு அங்கே சுமார் 3,400 வாக்குகள் விழுந்தன. அந்தப் புத்தகத்தைப் பயன்படுத்தாத அஞ்சல் வாக்குகளில் அவர் பங்கு மிகவும் குறைவு. இந்த ஒப்பீட்டை வைத்து, கோருக்கு நினைத்த 2,000க்கும் மேற்பட்ட வாக்குகள் இடம் மாறின என்று ஆய்வாளர்கள் பின்னர் நிறுவினார்கள். இரண்டு துளை குத்திச் செல்லாமல் போன சீட்டுகள் அதே கவுன்டியில் 19,000க்கு மேல். வழக்குத் தொடுத்தார்கள், தோற்றார்கள். சட்டத்தை அந்த வடிவமைப்பு கணிசமாக மீறவில்லை என்றது நீதிமன்றம். மீறியதாகவே வைத்துக்கொண்டாலும் பரிகாரம் எது? தவறான துளையைச் சுத்தமாகக் குத்திய அட்டை, சரியான வாக்கிலிருந்து வேறுபட்டே தெரியாது. ஒரே கவுன்டிக்கு மட்டும் அதிபர் தேர்தலை மறுபடி நடத்தவும் முடியாது.

செய்தி நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 1,75,000 நிராகரிக்கப்பட்ட சீட்டுகளை ஆராயச் செய்து 2001 நவம்பரில் முடிவை வெளியிட்டன. கோர் கேட்ட நான்கு கவுன்டிகளை மட்டும் எண்ணியிருந்தால் புஷ் வென்றிருப்பார். இரட்டைக் குறியிட்ட சீட்டுகளையும் சேர்த்து மாநிலம் முழுவதும் எண்ணியிருந்தால் கோர் மிகச் சிறிய வித்தியாசத்தில் முந்தியிருப்பார். சிலர் கோரின் பெயருக்குக் குறியிட்டு, கீழே கையால் பெயர் எழுதும் இடத்திலும் 'கோர்' என்றே எழுதியிருந்தார்கள். இயந்திரம் அதை இரண்டு வாக்காகக் கருதி ஒதுக்கியது. விருப்பம் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்த அந்தச் சீட்டுகளை எண்ணும்படி எந்தத் தரப்பும் முறையாகக் கேட்கவே இல்லை.

2001இல் ஃப்ளோரிடா துளை அட்டையைத் தடை செய்தது. 2002இல் காங்கிரஸ் புதுக் கருவிகளுக்குப் பணம் ஒதுக்கியது. பல கவுன்டிகள் காகிதமே இல்லாத தொடுதிரைகளை வாங்கின. 2006இல் சாரசோட்டா கவுன்டி அடங்கிய தொகுதியில் பிரதிநிதிகள் சபைத் தேர்தல் வித்தியாசம் 369. அந்தக் கவுன்டியில் சுமார் 18,000 பேரின் வாக்கு அந்தப் பதவிக்கு மட்டும் வெற்று. மறுபடி எண்ண எதுவுமே இல்லை. மென்பொருள் நிரலைக் கேட்டு நடந்த வழக்கும் பலிக்கவில்லை. 2008 முதல் மாநிலம் முட்டை வட்டத்தை நிரப்பும் காகிதச் சீட்டுக்குத் திரும்பியது. எந்தக் குறி வாக்கு, எது வாக்கல்ல என்பதற்கு இப்போது விரிவான எழுதிய விதி உண்டு.

அந்த விதி 2018 செனட் தேர்தலில் சோதிக்கப்பட்டது. வித்தியாசம் சுமார் 10,000. ப்ரோவர்டு சீட்டில் செனட் போட்டி, முதல் பத்தியில் நீண்ட வழிமுறைக் குறிப்புகளுக்குக் கீழே அடிமூலையில் இருந்தது. அங்கே 20,000க்கும் மேற்பட்டோர் செனட்டுக்குக் குறியிடவில்லை. இயந்திரம் தவறவிட்டிருக்கும் என்று தோற்கும் தரப்பு நம்பியது. கையில் எடுத்துப் பார்த்தபோது அவற்றில் பெரும்பாலானவை உண்மையிலேயே வெற்று வட்டங்கள்.