சைபர்: ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு சொற்கள்

கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் வசிக்கும் பெரியவர் ஒருவர், துறைமுகத்தில் நெடுங்காலம் விசைப்படகு ஓட்டி ஓய்ந்தவர். சில மாதங்களுக்கு முன் அவருடைய கைப்பேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவன் தன்னை 'சைபர் பிராஞ்ச் அதிகாரி' என்று சொல்லிக்கொண்டு, அவரை 'டிஜிட்டல் அரெஸ்ட்' செய்திருப்பதாக மிரட்டியிருக்கிறான். அழைப்பைத் துண்டித்துவிட்டு நேராக என்னிடம் வந்தவர் கேட்ட கேள்வி இதுதான்: "சைபர்னா பூச்சியம்தானே தம்பி? பூச்சியத்துக்கு எதுக்குப் போலீசு?"

கேட்டதும் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தபோது, தமிழறிந்த ஒருவர் அப்படித்தான் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கணக்கில் ஒன்றும் எழுதாமல் வந்த பிள்ளையைச் 'சைபர் வாங்கினான்' என்று சொல்லும் வழக்கு நம்மிடையே கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே உண்டு. தமிழில் இன்று 'சைபர்' என்று எழுதப்படுவது ஒரு சொல் அன்று. பிறப்பும் பொருளும் வேறான இரண்டு சொற்கள் ஒரே எழுத்துக்கூட்டில் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

பூச்சியத்தைக் குறிக்கும் சைபர்தான் நமக்கு மூத்தது. வடமொழியில் வெறுமையைக் குறித்த 'சூன்ய' என்னும் சொல்லை அரபுக் கணித அறிஞர்கள் தம் மொழியில் வெறுமைக்குரிய 'ஸிஃப்ர்' என்னும் சொல்லால் பெயர்த்தார்கள். இந்திய எண்முறையோடு அந்தச் சொல்லும் ஐரோப்பாவுக்குச் சென்றது. அங்கே சுழியம் புரியாத புதுப்பொருளாக இருந்ததனால் அதன் பெயரும் நிலைகொள்ளாமல் அலைந்தது: பிரெஞ்சில் 'ஷிஃப்ர்' என்றாகி எல்லா இலக்கங்களுக்கும் பொதுப்பெயராயிற்று, ஆங்கிலத்தில் 'சைஃபர்' என்றாகிச் சுழியத்தையும் இரகசிய எழுத்தையும் சேர்த்தே குறித்தது.

அந்த 'சைஃபர்' தமிழ்நாட்டுக்கு வந்தபோது, காஃபி காப்பியானது போலவும் ஆஃபீஸ் ஆபீசானது போலவும், ஃபகரம் பகரமாகிச் 'சைபர்' ஆனது. பின்னர் கணினியோடு வந்த மற்றொரு சொல்லுக்கு மூலத்திலேயே ஒலிப்புடைப் பகரம் (ஆங்கில b ஒலி) இருந்ததால், அதுவும் 'சைபர்' என்றே எழுதப்பட்டது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. அவர்கள் நாவில் ஒன்று 'ஷிஃப்ர்', மற்றது 'சிபேர்'.

இரண்டாவது சைபரின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. கப்பலைச் செலுத்துபவனுக்குக் கிரேக்கர் இட்ட பெயர் 'குபெர்நேத்தேஸ்'. நம் மொழியில் அவன் மீகாமன். அதே சொல்லை இலத்தீனர் 'குபெர்னாரே' என்று எடுத்துக்கொள்ள, அதிலிருந்து பிறந்ததே 'கவர்னர்' என்பது. ஆக, புதுச்சேரி லெப்டினன்ட் கவர்னரின் பதவிப்பெயரும் சைபர் குற்றப் பிரிவின் பெயரும் ஒரே சுக்கானிலிருந்து கிளைத்தவை. (சுக்கான் என்பதும் அரபுச் சொல்தான், நம் படகுக்காரர்களிடம் அதைப் பிடுங்கிவிட்டு வேறு சொல் கொடுக்க யாரும் முயல வேண்டியதில்லை.) செங்கடல் வழியே வந்த கிரேக்க வணிகர்களின் கடற்பயணக் குறிப்பில் 'பொதுகே' என்று வரும் துறைமுகம் அரிக்கமேட்டுப் பகுதியே என்பது பெரும்பாலோர் கருத்து. அப்படியானால், இந்தச் சொல்லின் மூதாதையை அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் நின்றவர்கள் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே காதால் கேட்டிருக்கவும் கூடும்.

மின்னியல் அறிஞராக நாம் அறிந்த பிரான்சின் ஆம்பேர் 1834இல் அறிவியல்களை வகைப்படுத்தியபோது, ஆட்சிக் கலைக்கு இந்த வேரிலிருந்து ஒரு பெயர் வைத்தார். 1948இல் அமெரிக்கக் கணித அறிஞர் நார்பர்ட் வீனர், உயிரிகளிலும் எந்திரங்களிலும் நிகழும் கட்டுப்பாட்டையும் செய்தித்தொடர்பையும் ஆராயும் துறைக்கு 'சைபர்நெட்டிக்ஸ்' என்று பெயரிட்டார். 1982இல் வில்லியம் கிப்சன் என்னும் புனைகதை எழுத்தாளர் அதன் முன்பாதியை மட்டும் வெட்டியெடுத்து 'ஸ்பேஸ்' என்பதோடு ஒட்டினார். அன்றுமுதல் 'சைபர்' தன் வேர்ப்பொருளை இழந்து, எந்தச் சொல்லின் முன்னும் ஒட்டிக்கொண்டு 'கணினி தொடர்பானது' என்று மட்டும் சொல்லும் முன்னொட்டாகிவிட்டது. பெரியவர் சொன்ன பூச்சியம் ஒரு வகையில் இதற்கும் பொருந்தும்.

இதற்குத் தமிழ் என்ன? 'இணையவழிக் குற்றம்' என்ற தொடர் தமிழ்நாட்டுக் காவல்துறையின் வழக்கில் நிலைபெற்றுவிட்டது. இணையத்தின் வழியே நடக்கும் மோசடிகளுக்கு அது மிகப் பொருத்தம். ஆனால் அதையே நீட்டி, 'சைபர் செக்யூரிட்டி' என்பதற்கு 'இணையப் பாதுகாப்பு' என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல், இணையத்தோடு இணைக்கப்படாத ஈரானின் யுரேனியச் செறிவூட்டு ஆலைக் கணினிகளைப் பென்டிரைவ் வழியாகவும் எட்டக்கூடியதாக எழுதப்பட்டிருந்தது. நமது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த வரையறையும் தகவல், கருவி, கணினி, அவற்றில் சேமித்தவை ஆகிய அனைத்தையும் அனுமதியற்ற அணுகலிலிருந்தும் சிதைவிலிருந்தும் காப்பதையே சொல்கிறது. இணையம் அதில் ஒரு பகுதிதான். எனவே 'மின்வெளிப் பாதுகாப்பு' என்பதே என் தேர்வு. முன்னொட்டு எங்கு வந்தாலும் ஒரே சொல்லை வைக்க வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை.

முதல் சைபரின் வழித்தோன்றலிலோ நாம் செய்யும் பிழை இதைவிடப் பெரியது. இரகசிய எழுத்தாக மாற்றுவதைச் சிலர் 'குறியாக்கம்' என்றும் சிலர் 'மறையாக்கம்' என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு செயல்கள். எழுத்துகளுக்கு எண் தரும் பொது அட்டவணையான யூனிகோடில் 'அ' என்னும் எழுத்துக்கு 2949 என்ற எண் தரப்பட்டிருக்கிறது, இது குறியாக்கம். இதில் மறைவு எதுவும் இல்லை, அட்டவணையைப் பார்த்து எவரும் திருப்பிப் படிக்கலாம். மறையாக்கத்தில் திறவுகோல் இருப்பவர் மட்டுமே திருப்ப முடியும். ஒரு செயலி நம் தரவைக் 'குறியாக்கம் செய்து காக்கிறோம்' என்று தமிழில் எழுதினால், சொல்லளவில் அது எந்தக் காப்பும் தருவதாகச் சொல்லவே இல்லை. பிரெஞ்சில் இன்னும் ஒரு படி நுணுக்கம் உண்டு: திறவுகோலைக் கொண்டு படிப்பதற்கு ஒரு வினையும், திறவுகோல் இல்லாமல் உடைத்துப் படிப்பதற்கு வேறொரு வினையும் வைத்திருக்கிறார்கள். நாமும் முன்னதை 'மறைநீக்கம்' என்றும் பின்னதை 'மறையுடைப்பு' என்றும் பிரித்துச் சொல்லலாம். 'மறை' என்பது இரகசியத்தையும் வேதத்தையும் ஒருங்கே குறித்த பழஞ்சொல் என்பதால் இந்தப் பொறுப்பை அது தாங்கும்.

இந்தப் பிரிப்பு வெறும் இலக்கண ஆசை அன்று. 2021இல் வந்த மத்திய அரசின் விதிகள், 50 இலட்சத்துக்கு மேல் பயனர்களைக் கொண்ட செய்திச் செயலிகள், கடுங்குற்ற வழக்குகளில் உரிய ஆணை வந்தால், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் காட்ட வேண்டும் என்கின்றன. அப்படிக் காட்ட வேண்டுமானால் அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய முனைக்குமுனை மறையாக்கமே குலைந்துவிடும் என்று வாட்ஸ்அப் அதே ஆண்டில் தில்லி உயர்நீதிமன்றம் சென்றது. குற்றவாளியைப் பிடிக்க வேண்டும் என்பதும், குற்றமற்ற கோடிப் பேரின் பேச்சு மறைவாக இருக்க வேண்டும் என்பதும் மோதும் இந்த வழக்கைத் தமிழில் விவாதிக்க முனைபவருக்கு, நீக்கமும் உடைப்பும் ஒரே சொல்லாக இருந்தால் முதல் வாக்கியத்திலேயே கால் இடறும்.

சுக்கான் யார் கையில் என்ற கேள்வி நுகர்வோர் கருவிகளிலும் எழுகிறது. வாங்கிய கைப்பேசி நம்முடையது, ஆனால் அதன் திரையில் 'ஏற்கிறேன்' பெரிதாகவும் 'வேண்டாம்' கண்ணுக்குத் தெரியாத சாம்பல் நிறத்திலும் இருக்குமானால், செலுத்துபவர் நாமல்லர். இந்தத் தந்திரங்களில் 13 வகைகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்டுத் தடுத்தது. இவற்றின் ஆங்கிலப் பெயரான 'டார்க் பேட்டர்ன்ஸ்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'இருண்ட வடிவங்கள்' என்று எழுதுகிறார்கள். படிப்பவருக்கு அமாவாசைதான் நினைவுக்கு வரும். 'ஏய்ப்பு வடிவமைப்பு' என்றால் நடப்பது என்னவென்று தெரிந்துவிடும்.

பெரியவரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. டிஜிட்டல் கைது என்று ஒன்று நம் சட்டத்தில் இல்லை என்றும், இணையவழிப் பண மோசடிக்குப் புகார் சொல்லும் எண் 1930 என்றும் சொல்லி, அதை அவருடைய கைப்பேசியில் பதிந்து கொடுத்தேன். சைபர் என்றால் சுக்கான் பிடிப்பவன் என்றதற்கு மட்டும், "அப்ப அது எங்காளு பேருதானா" என்று வியந்தார். அவருடைய பேரன் இடையில் புகுந்து, பூச்சியத்தை இப்போது யாரும் சைபர் என்பதில்லை, 'ஜீரோ' என்றுதான் சொல்கிறோம் என்றான். உண்மைதான், ஆனால் அந்த ஜீரோவும் அதே அரபு ஸிஃப்ர் இலத்தீன், இத்தாலி வழியாகத் தேய்ந்து வந்த மற்றொரு பிள்ளை என்பதை அவனுக்கு விளக்குவதற்குள் அவன் விளையாடப் போய்விட்டான்.